அம்மா எண்ணெயை நிறுத்தியதால்தான் மனச்சோர்வு வந்ததா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. நாகப்பட்டினம் பக்கத்தில் தனியாக இருக்கிறார். பத்து மாதங்களுக்கு முன் அப்பா தவறிவிட்டார். அன்றிலிருந்து அம்மா கவுச்சி தொடுவதில்லை. நான்கு மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு அதிகம் என்று வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று எண்ணெயையே நிறுத்திவிட்டார். தாளிப்பதுகூட இல்லை. இப்போது சமைக்கவே பிடிக்கவில்லை என்று காலையும் ராத்திரியும் டீயும் பிஸ்கட்டும்தான். ஆறு கிலோ இளைத்துவிட்டார். தூக்கமில்லை, யாரிடமும் பேச்சில்லை, எந்நேரமும் அசதி. மனநல மருத்துவர் டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பெரிய மாற்றம் தெரியவில்லை. ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். "மூளையே கொழுப்பால் ஆனது, எண்ணெயை விட்டதால் வந்த நோய் இது, மாத்திரையை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய் கொடு" என்று பெரியப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு டப்பா மீன் எண்ணெய் மாத்திரையும் வாங்கி அனுப்பிவிட்டார். என்ன செய்யட்டும், டாக்டர்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா சாப்பிட்டுவரும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்த வேண்டாம். மூன்று வாரம் என்பது அந்த மாத்திரைகளுக்குப் போதாது. தூக்கமும் பசியும் கொஞ்சம் முன்னதாகத் தேறலாம். மனம் லேசாவதற்குப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், வயது கூடியவர்களுக்கு இன்னும் சற்று அதிகமாகவே ஆகலாம். நடுவில் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், உடம்பில் ஷாக் அடித்த மாதிரி ஓர் உணர்வு எல்லாம் வரக்கூடும். அதைப் பார்த்துவிட்டு மாத்திரைதான் கெடுதல் செய்தது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். இந்தப் போக்கை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, எண்ணெயை இன்றைக்கே அம்மாவின் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் அனுப்பிய வீடியோவில் உண்மையான பகுதியும் இருக்கிறது. மூளையின் நீர்ச்சத்தை நீக்கிவிட்டு எடை போட்டால் பாதிக்கு மேல் கொழுப்புதான். நரம்பணுக்களின் சவ்வில் டிஹெச்ஏ என்கிற ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. செரோடோனின் போன்றவை கொண்டுவரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள் அந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கின்றன. இபிஏ என்று இன்னோர் ஒமேகா-3 உண்டு, அது உடம்பில் அழற்சியைத் தணிக்க உதவுகிறது. மனச்சோர்வு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்தத்தில் அழற்சிக் குறிகள் கூடியிருப்பதும் தெரிந்த விஷயம். ஆகவே உணவிலுள்ள கொழுப்புக்கும் மனநிலைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் நான்கு மாதம் தாளிக்காததால் மூளையில் கொழுப்பு வற்றிப்போனது என்பது நடக்காத காரியம். மூளை தன்னிடமுள்ள டிஹெச்ஏ-வை எளிதில் விட்டுக்கொடுக்காது, அது மிக மெதுவாகத்தான் மாறும். எண்ணெய்ப் பாட்டிலைத் தொடாவிட்டாலும் பருப்பிலும் பாலிலும் தேங்காயிலும் அரிசியிலும்கூட ஓரளவு கொழுப்பு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. முதலில் அப்பா போனார். அதோடு மீன் போயிற்று. அப்புறம் எண்ணெய் போயிற்று. கடைசியில் சமையலே போயிற்று. இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கும்போது, நடுவில் வந்த எண்ணெயை மட்டும் பிடித்துக் காரணம் என்று சொல்ல முடியாது. எண்ணெயை நிறுத்தினாரே, அந்த நேரத்திலேயே மனச்சோர்வு ஆரம்பித்திருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. பசி எடுக்காதவருக்கு, சாப்பாட்டில் ருசி தெரியாதவருக்கு எண்ணெயை விடுவது கஷ்டமாகவே தெரியாது. நோய் சாப்பாட்டைக் கெடுக்கும், கெட்ட சாப்பாடு நோயை நீட்டிக்கும். உணவும் மனச்சோர்வும் சேர்ந்து வருகிற எந்த ஆய்வைப் படித்தாலும் எது முன், எது பின் என்ற இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்ததை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அதிகம், அசதி, மந்தம், மனச்சோர்வு, 58 வயதுப் பெண். இவ்வளவும் ஒரே ஆளிடம் இருந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தைராய்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் கெட்ட கொழுப்பாகிய எல்டிஎல் ஏறும், மனமும் சோரும். அப்படி இருந்தால் அம்மா எண்ணெயை எத்தனை மாதம் நிறுத்தினாலும் கொழுப்பு சரியாக இறங்காது, மனச்சோர்வு மாத்திரையும் முழுப்பலன் தராது. தைராய்டு குறைவில் எடை கூடுவதுதான் வழக்கம், அம்மாவோ இளைத்திருக்கிறார். சரியாகச் சாப்பிடாததாலும் இளைக்கலாம், சர்க்கரை கட்டுப்படாமல் போனாலும் இளைக்கலாம். சில சமயம் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் காரணமாக இருக்கும். ஊகித்துக்கொண்டிருக்காமல் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் பரிசோதனை செய்துவிடுங்கள். கூடவே ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி, சோடியம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வைட்டமின் பி12-ஐயும் மறக்கக் கூடாது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும் என்பது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. மீனும் முட்டையும் நின்றுபோனதால் அது உணவிலிருந்து வரும் வழியும் சுருங்கிவிட்டது. பி12 குறைந்தால் அசதி, மறதி, கால் மதமதப்பு ஆகியவற்றோடு மனச்சோர்வும் வரலாம். மலிவான பரிசோதனை, சுலபமான சிகிச்சை. மேற்கொண்டு மீன் எண்ணெய் வாங்க ஆகும் பணத்தை முதலில் இந்தப் பரிசோதனைகளுக்குச் செலவிடலாம்.

சரி, மீன் எண்ணெய் மாத்திரைக்கு வருவோம். ஜோசஃப் ஹிப்பல்ன் என்ற அமெரிக்க மருத்துவர் 1998இல் லான்செட் இதழில் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார். மீன் அதிகம் சாப்பிடும் ஜப்பான் போன்ற நாடுகளில் மனச்சோர்வு குறைவாகவும், மீன் குறைவாகச் சாப்பிடும் நியூசிலாந்து போன்ற நாடுகளில் அதிகமாகவும் இருந்ததை அது காட்டியது. பலரையும் யோசிக்கவைத்த கட்டுரை அது. ஆனாலும் இரு நாடுகளுக்கு இடையே மீன் மட்டுமா வித்தியாசம்? குடும்பம், வேலை, மனக்கஷ்டத்தை வெளியே சொல்லும் பழக்கம் எல்லாமே வேறு. அதனால் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மீன் எண்ணெயும் மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் வந்தன.

அவற்றில் மிகப் பெரியது அமெரிக்காவில் நடந்தது. மனச்சோர்வு இல்லாத, 50 வயது கடந்த 18,353 பேருக்கு ஏறக்குறைய ஐந்து வருடம் ஒமேகா-3 மாத்திரை அல்லது போலி மாத்திரை கொடுத்தார்கள். 2021இல் முடிவு வந்தது. மீன் எண்ணெய் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. அதைச் சாப்பிட்டவர்களிடையே மனச்சோர்வு மிகச் சிறிய அளவில் கூடுதலாகவே இருந்தது. ஐரோப்பாவில் எடை கூடிய 1,025 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்விலும், ஒமேகா-3 அடங்கிய சத்து மாத்திரைகள் மனச்சோர்வைத் தடுக்கவில்லை. ஆக, வருமுன் காக்க மீன் எண்ணெய் மாத்திரை என்பதற்கு ஆதாரமில்லை.

வந்த பிறகு? அங்கே படம் கொஞ்சம் வேறு. 26 ஆய்வுகளை, மொத்தம் 2,160 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2019இல் வந்தது. இபிஏ அதிகமாகவும் டிஹெச்ஏ குறைவாகவும் உள்ள மாத்திரைகளுக்கு, அதாவது இபிஏ 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பவற்றுக்கு, ஓரளவு பலன் தெரிந்தது. டிஹெச்ஏ மிகுந்தவற்றுக்குப் பலன் தெரியவில்லை. ரத்தத்தில் அழற்சி கூடியிருப்பவர்களுக்கு இபிஏ கூடுதலாக உதவலாம் என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இத்துறை மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டுதல்கள், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து நாளுக்கு 1 முதல் 2 கிராம் இபிஏ தரலாம் என்கின்றன. இன்னொரு பக்கம், ஆய்வுகளின் தரத்தைக் கறாராக எடைபோடும் கோக்ரேன் குழு, பலன் சிறியது, ஆதாரமும் உறுதியானதல்ல என்றுதான் மதிப்பிட்டிருக்கிறது. என் கருத்தும் அதையொட்டியதே. மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளலாம், மாத்திரைக்குப் பதிலாக ஒருபோதும் கூடாது.

அண்ணன் அனுப்பிய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1000 மி.கி. என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எண்ணெயின் மொத்த எடை. பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். கடைகளில் அதிகம் விற்பவற்றில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 மி.கி. என்றுதான் இருக்கும். 1 கிராம் இபிஏ வேண்டுமென்றால் அப்படிப்பட்ட மாத்திரையை நாளுக்கு ஐந்தாறு விழுங்க வேண்டும். தினம் ஒன்று போட்டுக்கொண்டு மனச்சோர்வு போகும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். மீன் ஈரல் எண்ணெய் என்று எழுதியிருந்தால் அது வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ இருக்கும், இஷ்டத்துக்குக் கூட்டினால் நச்சாகும். அம்மா ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, இதயத்துடிப்பில் சீர்கேடு உண்டா என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அதிக அளவு ஒமேகா-3 சிலருக்கு இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கியிருக்கிறது.

இனி எண்ணெயைப் பற்றி. கொழுப்பைக் குறைத்தால் மனம் கெடும் என்ற பயம் மருத்துவ உலகத்துக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 1990இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் அலசல், கொலஸ்ட்ராலைக் குறைத்தவர்களிடையே தற்கொலை, விபத்து, வன்முறை போன்ற காரணங்களால் வரும் மரணங்கள் கூடியிருப்பதாகச் சொல்லிப் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. 2001இல் அதே ஆய்வாளர் இன்னும் அதிகமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படி உறுதியான தொடர்பு தெரியவில்லை. அதனால் நாளைக்கு மருத்துவர் கொழுப்புக்கு மாத்திரை எழுதித் தந்தால், மனச்சோர்வுக்குப் பயந்து அதை மறுக்க வேண்டாம்.

அம்மாவின் எண்ணெய் விரதத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. அவர் விட்டது கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும். பிடித்துக்கொண்டதோ பிஸ்கட்டை. அந்தப் பிஸ்கட் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள். மைதா, சர்க்கரை, அதற்கடுத்தபடி பெரும்பாலும் பாமாயில். பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பை ஏற்றுவது அதுதான். எல்டிஎல் குறைவதற்குக் கைகொடுக்கும் நிறைவுறாக் கொழுப்பை விலக்கிவிட்டு, அதை ஏற்றுகிற கொழுப்பைச் சர்க்கரை நோயாளி ஒருவர் இரண்டு வேளையும் டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எண்ணெயில்லாத குழம்பு வாயில் வைக்க விளங்காமல் சாப்பாடே குறைந்து, அந்த இடத்தில் பிஸ்கட் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு கிலோ குறைந்ததற்கு அதிலும் பங்கு உண்டு.

பேக்கரி பப்ஸ், வனஸ்பதியில் செய்த இனிப்பு, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பலகாரம் இவற்றையும் தள்ளி வையுங்கள். ஸ்பெயினில் 12,059 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட பலகாரங்களில் இருக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமாகத் தெரிந்தது. கவனித்துச் சொன்ன ஆய்வுதான், இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இதயத்துக்கு டிரான்ஸ் கொழுப்பு செய்யும் கேட்டில் எந்தச் சந்தேகமும் இல்லை என்பதால், அதை விடுவதற்கு மனநல ஆதாரம் முழுமையாகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது. தெருமுனைக் கடையில் மூன்றாம் நாளாகக் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை அந்த விதி மட்டும் சரிசெய்துவிடாது.

நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்துவது அதுதான். ஆஸ்திரேலியாவில் ஃபெலீஸ் ஜாக்கா என்பவரின் குழு, மனச்சோர்வு உள்ள, சாப்பாடு ஒழுங்காக இல்லாத 67 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதியினருக்கு உணவு நிபுணர் கூடவே இருந்து சாப்பாட்டைத் திருத்தினார். மறுபாதியினரோடு அதே அளவு நேரம் யாராவது உட்கார்ந்து பேசினார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது உணவுக் குழுவில் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து வெளியே வந்திருந்தார்கள், பேச்சுக் குழுவில் 8 சதவீதம். 2017இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. தாங்கள் எந்தக் குழு என்பது சாப்பிட்டவர்களுக்கே தெரியும் என்ற குறையும் அதில் உண்டு. இருந்தாலும் இரண்டைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தபடியேதான் இதைச் செய்தார்கள். அப்புறம், அந்த உணவு எண்ணெய் ஒதுக்கிய உணவல்ல. காய், பழம், பயறு, முழுத்தானியம், கொட்டை வகைகள், மீன் ஆகியவற்றோடு நாளுக்கு மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் அதில் இருந்தது.

அம்மாவுக்கு ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம். அதில் மிகுந்திருக்கும் ஒலீயிக் அமிலம் கடலை எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி, நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் இருக்கிறது. நாளுக்கு மூன்றிலிருந்து நான்கு தேக்கரண்டி, மாதத்துக்கு அரை லிட்டரை ஒட்டி என்று கணக்கு வைத்துக்கொண்டால் கொழுப்பு ரிப்போர்ட்டுக்கும் பயப்பட வேண்டாம். நெய்யும் தேங்காயெண்ணெயும் அளவோடு இருக்கட்டும். ரசத்துக்குக் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்துக் கொட்டட்டும். அந்த வாசனைக்கே பசி கொஞ்சம் எட்டிப்பார்க்கும். பசியில்லாதவருக்கு அது சின்ன விஷயமல்ல.

அம்மா கவுச்சி இல்லாமலே இருக்க விரும்பினால், ஆளிவிதையை லேசாக வறுத்து இட்லிப் பொடியோடு சேர்த்து அரைத்துவிடுங்கள். நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் தாவர ஒமேகா-3 தேவையான அளவுக்குக் கிடைத்துவிடும். முழு விதையாகப் போட்டால் அப்படியே வெளியே போய்விடும். பொடி சீக்கிரம் காறல் வாடை அடிக்கும் என்பதால் ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆனால் தாவர ஒமேகா-3-ஐ உடம்பு இபிஏ-வாக மாற்றுவது சொற்பம், டிஹெச்ஏ-வாக மாற்றுவது அதிலும் சொற்பம். ஆளிவிதை மீனுக்கு ஈடாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடற்பாசியிலிருந்து எடுத்த சைவ ஒமேகா-3 மாத்திரைகளும் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் டிஹெச்ஏதான் அதிகம், பார்த்து வாங்குங்கள்.

மீனைப் பற்றி அம்மாவிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். நேர்ந்துகொண்டு விட்டாரா, அப்பா இல்லாமல் மீன் இறங்கவில்லையா, அல்லது ஒரு ஆளுக்காக மீனை யார் ஆய்ந்து அலசுவது என்ற அலுப்பா? முதலாவது என்றால் வற்புறுத்தாதீர்கள், அது அவருடைய துக்கம். இரண்டாவது என்றால் அப்பாவைப் பற்றிப் பேச அதுவே வழி திறக்கும். மூன்றாவது என்றால் நீங்கள் ஊருக்குப் போகும்போது சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். நாகப்பட்டினத்தில் மத்தியும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் கிடைக்காமல் போகாது. மத்தி போன்ற கொழுப்புள்ள மீன் 100 கிராமில் பெரும்பாலும் 1 கிராமுக்கு மேலேயே இபிஏவும் டிஹெச்ஏவும் சேர்ந்து கிடைக்கும். வஞ்சிரத்தின் விலையைப் பார்த்து அதில்தான் சத்து அதிகம் என்று நினைக்க வேண்டாம், ஒமேகா-3 விஷயத்தில் மத்திதான் முந்தி. வாரத்தில் இரண்டு நாள், பொரிக்காமல் குழம்பாக வைத்தால் போதும்.

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றச் சொல்லி அம்மாவை நெருக்காதீர்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு அடுப்பைப் பற்றவைப்பதே மலை. முதல் வாரம் காலை பிஸ்கட்டுக்குப் பதில் பொடியும் நல்லெண்ணெயுமாக இரண்டு இட்லி என்பதோடு நிறுத்துங்கள். பக்கத்தில் சித்தி, அத்தை யாராவது இருந்தால் மதியம் ஒரு வேளை கூட உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். முடிந்தால் சில வாரம் உங்களோடு வந்திருக்கட்டும்.

"நான் இருந்து யாருக்கு என்ன" என்கிற மாதிரி பேச்சு அம்மாவிடம் வந்ததா? நேரடியாகவே கேளுங்கள்: "அம்மா, செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றாலோ, சாப்பாடு தண்ணீரை அறவே மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியே விடாதீர்கள். இரவு நேரமென்றால் அரசின் டெலிமானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ தெரிந்தாலும் உடனே போக வேண்டும். வயது கூடியவர்களில் சிலருக்கு இந்த மாத்திரைகள் சோடியத்தைக் குறைத்துவிடுவது உண்டு.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மெட்ஃபார்மின் உட்பட எல்லா மாத்திரை அட்டைகள், அண்ணன் அனுப்பிய டப்பா, இவற்றோடு நான் எழுதச் சொன்ன துண்டுச்சீட்டையும் எடுத்துப்போங்கள். ஆறு வாரத்திலும் முன்னேற்றம் தெரியாவிட்டால் மாத்திரையின் அளவைக் கூட்டலாமா, வேறு மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். அதற்குப் பல வழிகள் அவரிடம் இருக்கின்றன.